ரஹீமுன்னிசா அக்கா அரிந்த கத்திரிக்காய்

தண்டையார்பேட்டையில் நிக்காஹ் விருந்து என்றால் பிரியாணிக்கு அமீர் பாய், தொக்குக்குக் கத்திரிக்காய் அரிய ரஹீமுன்னிசா அக்கா. பல வருடமாக நானும் அக்கா பக்கத்தில் அருவாமனை போட்டு உட்காருகிறேன். கணவர் மவுத்தான பிறகு இந்த வேலையில்தான் மகள் ரூபினாவை விவசாயக் காலேஜ் வரைக்கும் அனுப்பினார். அக்கா அரிந்த காயில் புழு கிடந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அல்லாஹ் கொடுத்த பேர் அது.

அந்தப் பேருக்கு ரூபினாவின் கல்யாணத்தன்றே சோதனை வந்தது.

விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு மூட்டையைப் பிரித்தோம். காய் பளபளவென்று இருந்தது, ஒரு ஓட்டை இல்லை. முதல் காயைப் பிளந்தேன். உள்ளே புழு. அடுத்ததிலும் புழு!

"இன்னா பாய் இது, எங்க வாங்கின?" என்று கத்திவிட்டேன்.

"என்னிய ஏம்மா திட்ற? மருந்தடிக்காத காயிதான் வேணும்னு ஒங்க அக்கா ஒத்தக் கால்ல நின்னாங்க. புழு இனாமா வந்துகீது!"

அக்கா இன்னொரு காயை எடுத்துப் பிளந்து பார்த்தார். மருந்து வாடை அடிக்கும் காய் சம்பந்தி வீட்டார் வயிற்றுக்குப் போகக் கூடாது என்றுதான் கேட்டிருந்தார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பந்தி. ராயபுரத்துச் சம்பந்தியம்மா இலையில் புழுவைப் பார்த்துவிட்டால்?

சத்தம் கேட்டு ரூபினா மருதாணிக் கையோடு ஓடி வந்தாள்.

"பங்களாதேஷ்ல இந்தப் புழு வராத கத்திரியே போடறாங்கம்மா. மண்ணுல கீற ஒரு கிருமியோட மரபணுவ வெதைல வெச்சிட்டாங்க. புழு கடிச்சா செத்துடும். மருந்தும் ரொம்ப அடிக்கத் தேவயில்ல."

"மன்சன் கடிச்சா?" என்றார் அமீர் பாய்.

"ஒண்ணும் ஆவாதுன்னுதான் ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க மாமு. ஆனா..."

"அந்த ஆனாவச் சொல்லுடி," என்றார் அக்கா.

"மகரந்தம் பறந்து நம்ம நாட்டுக் கத்திரில கலந்துட்டா அப்பால பிரிக்க முடியாது. அதான் நம்ம நாட்டுல கவர்மெண்டு இத நிறுத்தி வெச்சிகீது. பருத்திலயும் இதே மாரி வெச்சாங்க, மொதல்ல புழு அடங்குச்சு. அப்பால ஒரு புழு அதுக்கே பழகிகினு திரும்பி வந்துச்சு. பருத்தி வெதைய வேற வருசா வருசம் கம்பெனில வாங்கணும்."

"சரி, அத படிச்சவங்க பேசி முடிங்க. எனக்கு இப்ப தொக்குல புழு இருக்கக் கூடாது. நீ உள்ள போ, கல்யாணப் பொண்ணு மாரியா நிக்கற!" என்று அக்கா அவளை விரட்டினார்.

பிஸ்மி சொல்லி உட்கார்ந்தோம். ஒவ்வொரு துண்டையும் நான் பார்த்து, அக்கா பார்த்து, உப்புத் தண்ணீர் அண்டாவில் போட்டோம். பாதிக் காய் தெரு ஆட்டுக்குப் போனது. குறைந்ததை ஈடுகட்ட அமீர் பாய் வேர்க்கடலையும் எள்ளும் கூடுதலாக அரைத்துக் கொட்டினார். லுஹர் பாங்கு சொல்லும்போது தொக்கு கமகமவென்று கொதித்தது.

பந்தியில் சம்பந்தியம்மா தொக்கை விரலால் கிளறினார்.

"இன்னா காயி இது?"

நானாக இருந்தால் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அக்கா நேராகச் சொன்னார்: "மருந்தடிக்காத காயி சம்பந்தி. புழு நெறய இருந்துச்சு. ஒவ்வொண்ணாப் பாத்து எடுத்துட்டோம்."

பக்கத்தில் இருந்தவர்கள் கை அப்படியே நின்றது. சம்பந்தியம்மா ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய் தின்றார்.

"அதான பாத்தேன், அந்த மருந்து வாடையே இல்ல! இன்னொரு கரண்டி போடு. எங்க மாடில நாலு கத்திரிச் செடி கீது, இந்தப் புழுவால ஒரே பேஜாரு. மருமவ படிச்சவளாமே, வந்து பாக்கட்டும்."

சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூபினாவின் குரல் முக்காட்டுக்குள்ளிருந்து துள்ளி வந்தது: "நாளைக்கே பாத்துடலாம் மாமி!"

அக்கா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, கரண்டி வழிய வழியத் தொக்கை அள்ளி வைத்தார்.