புளிச்சிக்காயின் மருத்துவக் குணங்கள்

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆக்சாலிக் அமிலத்தை அலட்சியமாகக் கையாளும் மாணவர்களிடம், வயிற்றுக்குள் போனால் சிறுநீரகம் போய்விடும் என்று வருடாவருடம் கத்தியிருக்கிறேன். அதே அமிலம் நிறைந்த சாற்றைத்தான் என் மனைவிக்கு வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுத்தேன்.

கரமனையில் எங்கள் கொல்லையில் ஒரு புளிச்சிக்காய் மரம் உண்டு. விரல் நீளப் பச்சைக் காய்கள் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும். நாங்கள் ஊறுகாய் போடுவோம். மலையாளிகள் மீன்கறியில் போடுவார்கள். எல்லோரும் அதைக்கொண்டு பித்தளை விளக்குத் தேய்ப்போம். இப்படி அடக்கமாக வாழ்ந்துகொண்டிருந்த காய்க்கு எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் திடீரென்று டாக்டர் பட்டம் கிடைத்தது. வைட்டமின் சி உண்டு, நார்ச்சத்து உண்டு என்பது வரை சரி. பிறகு கொலஸ்ட்ராலைக் கரைத்தது, சர்க்கரையை இறக்கியது, முட்டிவலியையும் விடவில்லை. இதில் சார் என்ன சொல்கிறார் என்று ஒருவர் கேட்டார். என்னிடம் யாரும் எதையும் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. ஆன்டி ஆக்சிடன்ட் பற்றி நீளமாக எழுதித் தள்ளினேன். பாராட்டு குவிந்தது. வைத்தியனாகிவிட்டேன், நோயாளிதான் பாக்கி. வீட்டிலேயே இருந்தாள், கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல் என்ற ரிப்போர்ட்டோடு.

“ஏன்னா, விளக்குத் தேய்க்கறதை வயத்துக்குள்ள விட்டா, உள்ளேயும் பளபளன்னு ஆயிடுமோ?” என்றாள்.

கேலி செய்துகொண்டேதான் தினமும் குடித்தாள். நீங்களும் குடிக்கப்படாதா என்று கேட்டதற்கு, எனக்குப் பல் கூசும் என்றேன்.

சில வாரங்களில் வாந்தி வந்தது, முகம் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. ஆஸ்பத்திரியில் கிரியாட்டினின் எங்கேயோ ஏறிக் கிடந்தது. சிறுநீரக டாக்டர் இளம்பெண். நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது சாப்பிட்டார்களா என்று மலையாளத்தில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். காய் எப்படி மருந்தாகும் என்று எனக்குள்ளேயே ஒரு வக்கீல் வாதாடினான். உண்மை வேறு. கேள்வி காதில் விழுந்ததுமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. படித்தவன் என்ற பெயர் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அவளை டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர்கள் காரணம் தேடிக் குழம்பினார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

மறுநாள் டாக்டர் மறுபடியும் அதையே கேட்டார். கழுத்தில் குழாயோடு படுத்திருந்தவள்தான் பதில் சொன்னாள்.

“அவருக்குச் சொல்ல வெக்கமா இருக்கு டாக்டரே. நான் சொல்றேன். தினமும் புளிச்சிக்காய் ஜூஸ் குடிச்சேன்.”

டாக்டர் என் பக்கம் திரும்பி, என்ன வேலை பார்த்தீர்கள் என்றார். சொன்னேன். அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

சிறுநீரகம் பிழைத்தது, முழுதாக அல்ல. நடந்ததை மறைக்காமல் குழுவில் எழுதினேன். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. ஒருவர் மட்டும், அப்படியானால் யூரிக் ஆசிடுக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று விசாரித்தார்.

என் மனைவி எச்சில் பார்க்கிறவள். கல்யாணமான நாளிலிருந்து நான் வாய் வைத்த டம்ளரைத் தொடமாட்டாள். இப்போது வெறும் வெந்நீர் கொண்டுபோனாலும், “முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்கோ” என்கிறாள். குடிக்கிறேன். அது என் தொண்டையில் இறங்குவதைப் பார்த்த பிறகு, அதே டம்ளரை வாங்கிக்கொள்கிறாள்.