ப்ரேக் டீச்சரும் ஏழு கட்டமும்

ஏறி உட்கார்ந்ததும் ஒரு கால் செருப்பை மட்டும் கழற்றி ஓரமாகத் தள்ளுவார். பெல்ட்டை இழுத்து மாட்டுவார். அன்றைய நாளிதழை நான்காக மடித்து, எழுத்துப் புதிர் மேலே தெரியும்படி மடியில் வைத்துக்கொள்வார். காதில் செருகியிருக்கும் பேனா கைக்கு வரும். அதற்கப்புறம்தான், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெடவெடத்துக் கிடக்கும் ஜீவனிடம், "ம்... எடுங்க, போலாம்" என்பார். தலை நிமிராது.

கார் ஓட்டக் கற்றுத்தருவது அவர் தொழில். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு ப்ரேக் உண்டு என்பதால் 'ப்ரேக் டீச்சர்' என்று பேர் விழுந்துவிட்டது. வயது நாற்பதுக்கு இந்தப் பக்கம். பேச்சைக் கேட்டால் அந்தப் பக்கம் என்று தோன்றும். மற்ற வாத்தியார்கள் "பாத்து, பாத்து!" என்று கத்தியே பாதிப் பேரைப் பஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவர் பாட்டுக்குப் புதிரைப் பார்த்துக்கொண்டு சிவனே என்று இருப்பார். அதனாலேயே பயந்தாங்கொள்ளிகளை எல்லாம் இவர் தலையில் கட்டுவது அந்தப் பயிற்சிப் பள்ளியில் வழக்கமாகிவிட்டது.

புதிர் ஒன்றும் பிரமாதமில்லை. நடுவில் ஒரு கட்டம், சுற்றி ஆறு. கட்டத்துக்கு ஓர் எழுத்து. கண்டுபிடிக்கிற எல்லாச் சொல்லிலும் நடு எழுத்து இருந்தாக வேண்டும். ஏழு எழுத்தும் சேர்ந்த சொல் ஒன்றே ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும். அதைப் பிடிக்க டீச்சர் கைவசம் ஒரு வழி உண்டு. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதைத்தான் ஓதுவார்.

"ஏழையும் ஒண்ணாப் பாத்தா தலைதான் சுத்தும். எது எங்க நிக்கவே முடியாதுன்னு முதல்ல பாருங்க. புள்ளி வச்ச எழுத்து முன்னால நிக்குமா? நிக்காது. தள்ளுங்க பின்னால. 'த்' தனியாப் போகுமா? போகாது, சொந்தத்துல ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுத்தான் கிளம்பும். ஜோடி சேத்து வைங்க. அப்புறம் என்ன மிச்சம்? கொஞ்சம்தான்."

பச்சை விழுந்ததும் அதே மூச்சில், "ரோடும் இதேதான். யாரால நகர முடியாதுன்னு கழிச்சிட்டா, பாக்க வேண்டியவங்க ரெண்டு பேரு" என்பார்.

இப்போது அவர் தலையில் வந்து விழுந்திருப்பவர் தையல்கார அக்கா. திரைச்சீலையும் சோபா உறையும் தைப்பவர். பேரன் எடுக்கிற வயசு. ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவர், இரண்டு முறையும் ரவுண்டானாவில். நாலு பக்கமும் வண்டி வந்தால் அக்காவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கண்ணை மூடிக்கொள்வார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அதை அவர் மறுக்கிறார்.

வேடிக்கைக்காக அவர் வண்டி ஓட்ட வரவில்லை. வீட்டு வாசலில் கணவரின் வேன் நிற்கிறது. அவருக்குக் கண் மங்கியதும் ஓட்டுநர் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மாதா மாதம் அடுத்த நகரத்து மருத்துவமனையில் கண்ணில் ஊசி போட வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும். போன முறை பஸ் படி தெரியாமல் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டார்.

"இனிமே வரமாட்டேங்கிறாரு டீச்சர். ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம், இருக்கற வெளிச்சம் போதும்ங்கிறாரு. விட்டா அதுவும் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் வேனை எடுத்தா மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. அவரு வண்டியாச்சே."

அந்த வீட்டிலும் புதிர் உண்டு. முன்பெல்லாம் கணவர்தான் போடுவார். இப்போது அக்கா மிஷினை மிதித்தபடி எழுத்துகளைச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் அடுக்குவார். ஒருநாள் சிக்னலில் அக்கா பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு அவருக்கே பிடிபடலை டீச்சர். நடுவுல 'க'. சுத்தி த், த, ரி, க், கோ, ல்."

"ல் கடைசிக்குப் போகட்டும். த்-ஐயும் த-வையும் சேத்து வைங்க. க்-க்குக் கோ. மிச்சம் க, ரி. இன்னுமா தெரியலை?" டீச்சர் பின்சீட்டில் கிடந்த அக்காவின் பையைக் காட்டினார். அதிலிருந்து கத்தரிக்கோலின் பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னா இதான்க்கா!"

அக்கா சிரித்த சிரிப்பில் பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். அன்றைக்கு ரவுண்டானாவை முக்கால்வாசி ஒழுங்காகவே சுற்றினார்.

வினை அடுத்த வாரம் வந்தது. கணவருக்குச் சொல்ல எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளலாமென்று அக்கா டீச்சரின் மடிப்பக்கம் எட்டிப் பார்த்தார். பேனா அவ்வளவு நேரம் ஓடிய இடத்தில் ஒரு சொல்கூட இல்லை. வெறும் கோணல் கோடு, கிறுக்கல். பார்வை இன்னும் கீழே இறங்கியது. டீச்சரின் வெறுங்கால் ப்ரேக்கின் மேல் படாமல், நூல் இடைவெளியில் தயாராக நின்றுகொண்டிருந்தது.

டீச்சர் புதிரைக் காலையில் வீட்டிலேயே மனசுக்குள் முடித்துவிட்டு வருகிறவர். மடியில் இருப்பது நாடகம். யாரோ உற்றுப் பார்க்கிறார்கள் என்றால் எவருக்கும் கை உதறும் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து போடுகிற நாடகம்.

"அப்ப இத்தனை நாளும் என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?" அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "நான் ஓட்டறேன்னு நெனச்சேன். உங்க காலுல்ல ஓட்டியிருக்கு."

"அக்கா, சத்தியமா, இந்த மாசம் ஒரு தடவைகூட நான் மிதிக்கலை."

"சும்மா சொல்லாதீங்க டீச்சர்."

நல்லதுக்குச் சொன்ன பொய் இப்படிக் குப்புறத் தள்ளும் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பின் அக்கா ரவுண்டானாவைக் கண்டாலே வண்டியை நிறுத்திவிட்டு டீச்சரின் காலைப் பார்க்க ஆரம்பித்தார். தேர்வு தேதியோ நெருங்கிவிட்டது. மூன்றாவது முறையும் போனால் அந்த மனுஷர் ஊசிக்கு முழுக்குப் போட்டுவிடுவார் என்று இருவருக்கும் தெரியும்.

தேர்வுக்கு முந்தைய நாள் வகுப்புக்கு, "மாமாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

கறுப்புக் கண்ணாடியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக அக்காவின் கணவர் வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். "கியரைப் பாத்துப் போடு, கத்துது" என்று ஒரே ஒரு குற்றம் சொன்னார். ரவுண்டானா தெரிந்தது. ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் லாரி, நடுவில் ஈ மொய்த்தது போல ஸ்கூட்டர்கள். அக்காவின் தோள் மேலே ஏறியது. வண்டி தயங்கி நின்றது. கண் வழக்கம்போல டீச்சரின் காலடிக்கு ஓடியது.

டீச்சர் குனிந்து, கழற்றிய செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு இரண்டு காலையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர்! காலு!"

"காலு என்கிட்ட பத்திரமா இருக்கு. நீங்க ரோட்டைப் பாருங்க. இன்னிக்குப் புதிரை நான் இன்னும் போடவே இல்லை, மாமா கூடப் போடலாம்னு வச்சிருக்கேன்."

அக்கா ரோட்டைப் பார்த்தார். உதடு அசைந்தது. "பஸ்ஸு நிக்குது, கழிச்சாச்சு... லாரி வெளிய போகுது, கழிச்சாச்சு... மிச்சம் அந்த நீல வண்டி..."

டீச்சர் முன்கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"சொல்லவா மாமா? நடுவுல 'ம'."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ம். மேல சொல்லும்மா."

நாலாவது எழுத்தைச் சொல்லும்போது நீல வண்டி ஹாரன் அடித்தபடி உரசுகிற மாதிரிப் போனது. டீச்சர் காகிதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆறாவதைச் சொல்லும்போது வண்டி மெல்ல நகர்ந்து வளைவதை முதுகில் உணர்ந்தார். திரும்பிப் பார்க்காமல் ஏழாவதையும் சொன்னார்.