தாவீதின் பங்குச் சீனி

தாராவியில் எங்கள் சந்தில் லூசியம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. குழாயடியில் அவள் தலை தெரிந்தால் வரிசை தானாக நேராகிவிடும். ஷேக் பரீத் பாயின் தோல் பட்டறையில் பச்சைத் தோலுக்கு உப்புத் தட்டி அடுக்குகிற வேலை அவளுக்கு. உப்பு அரித்து விரலெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையாலேயே மிளகாய் அரைப்பாள், முகம் சுளிக்க மாட்டாள்.

புருஷன் தாவீதும் அதே பட்டறைதான். எழுபத்தொன்பதில் நாங்குநேரிப் பக்கம் ஊருக்குப் போன இடத்தில் வாந்திபேதி கண்டு மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தான். அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு லூசியம்மாள் தனியாக ரயிலேறி வந்தாள். ஒரே மகளைக் கல்யாண் என்கிற ஊரில் கட்டிக் கொடுத்தாள். அதன் பிறகு அந்தப் பத்தடி அறையில் அவள் மட்டும்தான்.

ஆனால் ரேஷன் அட்டையில் தாவீது சாகவில்லை. குடும்பத் தலைவர் என்று முதல் வரியில் அவன்தான் இருந்தான். எங்கள் சந்தில் இது புதுசில்லை. செத்தவன், துபாய் போனவன், ஊரில் ஆடு மேய்க்கிற தம்பி எல்லாருக்கும் பம்பாயில் அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் உண்டு. இதைத் திருட்டு என்கிறவர்கள் எங்கள் கடையில் போடுகிற அரிசியை ஒருநாள் பொங்கித் தின்று பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். போதாக்குறைக்கு அந்த அட்டை ஒன்றுதான் நாங்கள் இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி. குடிசையை இடிக்க வந்தால் அதைக் காட்டினால்தான் வேறு இடம் தருவார்கள். ஆகவே பேனாவோடு எவன் வந்து கேட்டாலும், செத்தவன் உயிரோடு இருப்பதாகத்தான் எங்கள் வாய் சொல்லும். யோசித்துச் சொல்வதில்லை, பழக்கம்.

எனக்கு டீ போட்டுக் கொடுக்கும்போதெல்லாம் லூசியக்கா சொல்வாள், “குடிலே நம்பி, இது ஒங்க அத்தான் பங்குச் சீனி.”

எண்பத்தாறில் டில்லிக்காரர்களுக்குத் திடீரென்று சிக்கனம் ஞாபகம் வந்தது. நாடே வயிற்றைக் கட்ட வேண்டும் என்றார்கள். ரேஷனில் சீனியைக் குறைத்தார்கள், மண்ணெண்ணெய் விலையை ஏற்றினார்கள். அதே மாதம் ஒரு தனியார் வங்கி திவாலாக இருந்தது. வங்கிக்காரர்கள் தங்கள் மில் முதலாளி சிநேகிதர்களுக்குக் கேட்டதையெல்லாம் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். மில் மூடியது, கொடுத்தது திரும்பவில்லை. அந்த வங்கியைக் கைதூக்கிவிட அரசாங்கமே கோடிக்கணக்கில் கொடுக்கப் போகிறது என்று பேப்பரில் வந்தது. நான் ஒரு லாரி கம்பெனியில் குமாஸ்தா, எனக்கு இங்கிலீஷ் தெரியும். வாசலில் உட்கார்ந்து அதை வாசித்துச் சொன்னேன்.

“சிக்கனம்னா என்னதுலே?” என்றாள் லூசியக்கா.

“செலவைக் குறைக்கது.”

“நாலு வருசமா ரெண்டே சேலைய மாத்தி மாத்திக் கட்டுதேன். இனி எதைக் குறைக்கச் சொல்லுதான்? அந்த வங்கிக்காரன் பொண்டாட்டிய ஒரு மாசம் இந்தச் சீனியில டீ போடச் சொல்லுலே!”

அந்த வாய்தான் அவளை மாட்டுங்காவுக்குக் கொண்டு போனது. அங்கே ஓர் எதிர்க்கட்சி எம்.பி.யின் ஆபீஸ் இருந்தது. வங்கி மசோதாவை எதிர்த்து மக்களவையில் பேசுவதற்கு அவருக்கு ஏழைகள் தேவைப்பட்டார்கள். அவள் பேச்சு காதில் விழுந்து கூப்பிட்டு அனுப்பினார்கள், துணைக்கு நானும் போனேன். காரியதரிசி பஞ்சாபகேசன் எங்களை உட்காரச் சொல்லவில்லை, ஆனால் மரியாதையாகத்தான் பேசினார்.

“பாதிக்கப்பட்டவாளோட ரேஷன் கார்டு வேணும். ஒரிஜினல். நகல் காட்டினா ஜோடிச்சதுன்னு தள்ளிடுவா. எம்.பி. அதைக் கையில பிடிச்சுண்டு பேசினா சபையே ஆடிப்போயிடும்.”

“திரும்பக் கிடைக்குமாய்யா?” என்று கேட்டாள்.

“பத்தே நாள்.”

பிறகு அவளுடைய அட்டையை விரித்துப் பார்த்தார். “தாவீது. ஆத்துக்காரரா? என்ன பண்றார்?”

“தோல் பட்டறையில இருக்காரு,” என்றாள் லூசியக்கா.

கண் சிமிட்டாமல் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டியவன் நான். எனக்கு அது பொய்யாகவே படவில்லை. பேனாக்காரன் கேட்டான், அவள் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

சந்து முழுக்க அலைந்து முப்பத்தேழு அட்டை சேர்த்தாள். வீட்டுக்கு வீடு, “நம்ம கஷ்டத்த டில்லியில சொல்லப் போறாக, குடுட்டீ” என்று கேட்டு வாங்கினாள். என் வீட்டுக்கும் வந்தாள். அட்டை என் லாரி கம்பெனி ஆபீசில் இருக்கிறது என்று புளுகினேன். அது என் தலைமாட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது.

எம்.பி. பேசினார். நன்றாகவே பேசினார் என்று பேப்பரில் போட்டிருந்தது. மேலாக இருந்த அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்து, “இதோ தாராவித் தொழிலாளி தாவீது! இவருடைய பிள்ளைகளின் சர்க்கரையைப் பிடுங்கி வங்கி முதலாளிகளுக்குக் கொடுக்கிறீர்கள்!” என்று முழங்கினாராம். எதிர்க்கட்சி வரிசை மேஜையைத் தட்டியதாம். லூசியக்கா அந்தப் பேப்பரைப் பட்டறைக்குக் கொண்டு போய் எல்லாரிடமும் காட்டினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேர் இருந்த இடத்தை மட்டும் விரலால் தொட்டு வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பட்டறைக்கு வந்து தாவீதைப் பார்க்க வேண்டும் என்றார். ஷேக் பரீத் பாய் சூதுவாது தெரியாத மனுஷர். “அவரு மவுத்தாயி ஏழு வருஷமாச்சே, நல்ல மனுஷன்,” என்று சொல்லி வந்தவருக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

மறுவாரம் மந்திரி எழுந்தார். எதிர்க்கட்சி நண்பர் காட்டிய பசித்த தொழிலாளி தாவீது செத்து ஏழு வருஷம் ஆகிறது என்றார். பிணத்துக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்துவதற்குத்தான் இந்தச் சிக்கனம் என்றார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மசோதா நிறைவேறியது. எதிர்க்கட்சிக்காரர்கள் வெளிநடப்பு செய்தார்கள், செய்து என்ன? வங்கி பிழைத்துக்கொண்டது.

முப்பத்தேழு அட்டையும் டில்லியிலிருந்து நேராக ரேஷன் ஆபீசுக்கு விசாரணைக்கு வந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை, எல்லாம் ரத்து. சந்துப் பெண்கள் லூசியக்காவின் வாசலில் வந்து மண்ணை வாரி இறைத்தார்கள். அதுவரை யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தறியாதவள், அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாட்டுங்காவுக்குப் போனோம். பஞ்சாபகேசன் எரிந்து விழுந்தார். “எம்.பி.க்கு எத்தனை அவமானம் தெரியுமா? நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டேளே!” அவர்தான் கழுத்தறுபட்டவர் என்று நாங்களே கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டு நின்றோம், அதுதான் கேவலம்.

மழை முடிந்ததும் சாக்கடையை அகலப்படுத்த எங்கள் சந்துக் குடிசைகளை இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அட்டை உள்ளவர்களுக்கு மாற்று இடம். லூசியக்கா தன் பேரில் புது அட்டை கேட்டு ரேஷன் ஆபீசுக்கு ஓடினாள். கவுண்ட்டர்க்காரன் மராத்தியில் கேட்டான், “குடும்பத் தலைவர் எங்கே?”

“செத்துட்டாரு,” என்றாள். பேனாக்காரன் ஒருவனிடம் முதல்முதலாக அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“மரணச் சான்றிதழ்?”

அது எங்கே இருக்கிறது? ஊரில் பதியவேயில்லை. பங்குச் சாமியாருக்கு எழுதினேன், மழையில் கோயில் ஏடு நனைந்துவிட்டதாகப் பதில் வந்தது. செத்தவன் என்று சொல்லித்தான் அட்டையைப் பிடுங்கினார்கள். இப்போது செத்ததை நிரூபி என்கிறார்கள். இதற்குமேல் என்ன எழுதுவது, எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. “மந்திரி சொன்னாருல்லா, அவரு செத்துட்டாருன்னு? அதைவிடப் பெரிய சாட்சி உண்டுமாலே?”

மறுபடியும் மாட்டுங்கா. பஞ்சாபகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டே சபை நடவடிக்கைப் புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தார். லூசியக்கா அதை பைபிளுக்குள் வைத்து எடுத்துப் போனாள். கவுண்ட்டர்க்காரன் முன்னும் பின்னும் புரட்டினான். “இதில் முத்திரை இல்லை” என்று திருப்பித் தள்ளினான்.

இடிக்கிற அன்று என் வீட்டுக்கு மாற்று இடத்துக்கான டோக்கன் கிடைத்தது. டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்த அட்டை, ஊரில் இருக்கிற என் இரண்டு தம்பிமார் பேரோடு, செல்லுபடியானது. லூசியக்காவின் அறை பத்து நிமிஷத்தில் தரையோடு போனது. பாத்திர மூட்டையின்மேல் உட்கார்ந்து கல்யாணிலிருந்து மகள் வரக் காத்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பைபிளிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். “இதுல அவரு பேரு எங்க இருக்குன்னு காட்டுலே. மகளுக்குக் காட்டணும்.”

காட்டினேன். வெடித்த விரலை அதன்மேல் வைத்து, வரியோடு நகர்த்திக்கொண்டே போனாள். விரல் நின்றது.

“இங்க வளைச்சு வளைச்சு ரெண்டு கோடு போட்டு, நடுவுல ஒத்த வார்த்த இருக்கே. அது என்னது?”

டிரங்குப் பெட்டிக்காக ஒருமுறை அவளிடம் பொய் சொன்னவன் நான். இதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

“சிரிப்பு,” என்றேன். “எல்லாரும் சிரிச்சாங்கன்னு போட்டிருக்கு, அக்கா.”