பட்டம்மாள் கொல்லையில் நின்ற பலா

பட்டம்மாளுக்குப் பேய்ப் பயம் கிடையாது. காடாம்புலியூர் முந்திரிக்கொல்லைகளுக்குள் விளக்கு வைத்த பிறகும் தனியாகப் போய் வருவாள். ஆனால் கையில் ஃபைலோடு ஒருவர் தெருவுக்குள் வந்துவிட்டால் போதும், கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஒருமுறை ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர் என்னவோ கேட்க, இவள் பயத்தில் என்னவோ உளற, மாமியார் பெயர் கார்டிலிருந்தே போய்விட்டது. உயிரோடிருந்த மாமியாரைச் சாகடித்தவள் என்று ஊர் இன்னும் கேலி செய்கிறது.

2011 கடைசியில் 'தானே' என்ற புயல் அடித்து ஓய்ந்தபோது, அவள் கொல்லையில் முந்திரி அத்தனையும் வேரோடு சாய்ந்து கிடந்தது. நடுவில் நின்ற பலா மட்டும் கிளை முறிந்தும் விழவில்லை. அடிமரத்தில் பிஞ்சுகூட ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் சுப்புராயன் அதைத் தொட்டுப் பார்த்து அழுதுவிட்டார். கூரை பறந்துபோன தங்கை வீட்டைச் சரிசெய்யக் குறிஞ்சிப்பாடிக்குக் கிளம்பும்போது, "புதுசா முந்திரி வச்சி அது காய்க்கிற வரைக்கும் இதுதான் நமக்குச் சோறு" என்றார்.

அவர் போன பிறகு பக்கத்துக் கொல்லைக்காரர் சின்னையன் ஒரு சேதி கொண்டுவந்தார்.

"நாளைக்கி நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வர்றாங்க தங்கச்சி. கொல்லையில ஒரு மரம் நின்னாலும் முழுச்சேதம்னு எழுத மாட்டாங்களாம்."

"யாருண்ணே சொன்னாங்க?"

"எல்லாருந்தான் பேசிக்கிறாங்க."

போய்க் கேட்டிருக்கலாம். கிராம அதிகாரி ஆபீஸ் கூப்பிடு தூரம்தான். பட்டம்மாள் பாதி வழி போனாள், வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தாள், திரும்பிவிட்டாள். நிவாரணம் வராவிட்டால் கன்று வாங்கி நட வழியில்லை. பலாவைக் காட்டிக் கேள்வி கேட்டாலோ பதில் சொல்ல நாக்கு எழாது. சாய்ந்த மரங்களை அறுக்க மெஷினோடு ஊருக்குள் வந்திருந்த ஆட்களைக் கூப்பிட்டுப் பலாவைக் காட்டினாள்.

"நல்லாத்தானம்மா நிக்குது?" என்றான் ஒருவன்.

"அறுத்துடு" என்றாள்.

மரம் விழுந்த பிறகுதான் அடுத்த பயம் பிடித்தது. புயலில் சாய்ந்த மரத்துக்கு வேர் வெளியே தெரியும். இது அறுத்த மரம் என்று குருடனும் சொல்லிவிடுவான். அரசாங்கத்தை ஏமாற்றியதற்கு ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்று நினைத்தாள். செம்மண்ணைக் குழைத்து அடிக்கட்டை முழுக்கப் பூசினாள். மண்ணை மீறியும் பால் கசிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் வந்த அதிகாரி கொல்லைக்குள் நுழையவே இல்லை. வழியெல்லாம் மரங்கள் கிடந்ததால் தெருமுனையிலேயே நின்று விசாரித்து எழுதினார். பட்டம்மாள் முறை வந்தது.

"இவங்க கொல்லையில ஒரு பலா நிக்குதுங்க சார்" என்றார் கூடவே வந்த தலையாரி பக்கிரி.



"ஒத்தப் பலா நின்னா நின்னுட்டுப் போவட்டும்யா. முந்திரி பூரா போயிருக்கு, முழுச்சேதம்னே எழுது" என்ற அதிகாரி இவள் பக்கம் திரும்பினார். "காய் பிடிச்சிருக்காம்மா?"

அறுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"பிடிச்சிருக்குங்க."

"அது ஒண்ணாவது தப்பிச்சுதே. பத்திரமா பாத்துக்குங்க."

தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய சுப்புராயன் வீட்டுக்கு வரவில்லை. தோளில் மாட்டிய பையோடு நேரே கொல்லைப் பக்கம் நடந்தார். வாசலில் நின்று பார்த்த பட்டம்மாளுக்கு, இதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது.