வாட்ச்மேன் கொடுத்த மிஸ்டு கால்

நாரணாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வெடிச் சத்தம் புதிதல்ல. சுற்றியுள்ள பட்டாசுக் கம்பெனிகளில் புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். ஆனால் அது சோதனையா விபத்தா என்று வீட்டிலிருந்து தெரியாது. என் கணவருக்கோ அப்படியொரு கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை.

எனக்கு பிரஷர் வந்தபின் வீட்டிலேயே அளந்து பார்க்கச் சொன்னார் டாக்டர். நானோ சத்தம் கேட்டதும் பதறிப்போய் மிஷினைக் கையில் கட்டுவேன். நூற்றெண்பது காட்டும். பயந்து மறுபடி கட்டுவேன், இன்னும் ஏறும். கணவரை அழைப்பேன். வேலைக்குப் போகிறவர்களின் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவதால் வாட்ச்மேன்தான் எடுப்பார்.

ஒருநாள் அவர், "ஏன் தாயி இப்படி மூச்சு வாங்குது?" என்றார். சொன்னேன்.

"இனிமே நீங்க கூப்பிடாதீக. சத்தம் கேட்டா நானே மிஸ்டு கால் குடுக்கேன். அது வந்தா இங்கன ஒண்ணுமில்லன்னு அர்த்தம். கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டு, பெறகு மிஷினக் கட்டுங்க."

அதன்பின் ஒரு சத்தத்தையும் அவர் தவறவிட்டதில்லை. என் அளவும் இறங்கியது. மாத்திரையைக் கூட்ட வேண்டாம் என்றார் டாக்டர்.

போன மாதம் ஒரு சத்தம். பின்னாலேயே தெரியாத நம்பரிலிருந்து மிஸ்டு கால். என்னவோ ஏதோவென்று திருப்பி அழைத்தேன்.

"புது வாட்ச்மேன்க்கா. பழையவருக்கு ஒடம்பு முடியலன்னு வேலைய விட்டுட்டாரு. கேட் சாவியக் குடுக்கும்போதே ஒங்க நம்பரையும் குடுத்துட்டுப் போனாரு."

அந்தப் பழைய வாட்ச்மேன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அன்று மிஷினைத் தேடவில்லை. வெகுநேரம் அந்தப் போனையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.