இடது கையைத் தூக்கச் சொன்னார்கள்

என் மனைவிக்கு இடது மார்பை எடுத்த பிறகு, அந்தப் பக்கத்துக் கை தோளுக்கு மேல் எழும்பவே இல்லை. அது எவ்வளவு பெரிய தடை என்பது கதிர்வீச்சுக்கு அளவெடுக்கப் போன அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. சரிவான பலகையில் படுத்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தாங்கியில் வைக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்ததை வாசலில் நின்று பார்த்தேன்.

“அக்கா, கை இப்படியே இருந்தா கதிர் கையிலயும் படும். வீட்டுல பயிற்சி செஞ்சிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்” என்றாள் அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்.

சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் என் மனைவி. ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் பல வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவள். வலி என்று வாய் திறந்து சொல்லமாட்டாள். அன்று புந்தோங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், “என்னால ஆகாதுங்க” என்றாள்.

ஆனாலும் மறுநாளே சமையலறைச் சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்றத் தொடங்கினாள். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவாள். அறுவைக்குப் பிறகு குளியலறையைத் தாழிட்டுக்கொண்டுதான் உடை மாற்றுவாள். நானும் எதுவும் கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

“இங்க வாங்க. கைய புடிச்சி மேல தள்ளுங்க. நான் கத்துனாலும் விடாதீங்க.”

தள்ளினேன். கத்தினாள். சட்டை விலகி, தையல் போட்ட இடம் முழுவதும் தெரிந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

“பயமா இருக்கா?”

“இல்ல.”

“பொய் சொல்லாதீங்க” என்று என் மார்பில் நெற்றியை முட்டி அழுதாள். அவள் கையை நான் விடவில்லை. அதன்பின் தினமும் இருவருமாகத்தான் செய்தோம்.

கை எழும்பியது. அடுத்து, மூச்சை நிறைய இழுத்து அடக்கச் சொன்னார்கள். நுரையீரல் விரிந்தால் இருதயம் கதிரிலிருந்து சற்று விலகுமாம். கட்டிலில் படுத்துப் பழகினாள். பக்கத்தில் படுத்து நானும் அடக்கினேன்.

“நீங்க எதுக்குங்க அடக்குறீங்க?”

“எவ்ளோ கஷ்டம்னு பாக்கத்தான் லா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

சிகிச்சை முடிவதற்குள் தோல் கறுத்து உரிந்தது. அக்குளில் துணி படக்கூடாது என்பதால் என் பழைய பருத்திச் சட்டைகளைப் போட்டுக்கொண்டாள். கடைசி நாளன்று புந்தோங் கடையில் தோசை சாப்பிட்டோம். தன் தலைமுடியைத் தானே அள்ளி முடிந்துகொண்டு போய்க் கை கழுவினாள். தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் முதுகுவலி வந்தது. நோய் முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. வலி குறைய மறுபடியும் கதிர் தரலாம் என்றார் டாக்டர். இந்த முறை கை எழும்பியது. முதுகுதான் மேசையில் படியவில்லை. மருந்து கொடுத்துக் காத்திருந்து பார்த்தார்கள். தலையணை வைத்துப் பார்த்தார்கள். நேராகப் படுக்க வைத்ததும் அலறிவிட்டாள். நாளைக்கு மருந்தைக் கூட்டி முயலலாம் என்றார் டாக்டர்.

அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “போதும்ங்க. வீட்டுக்குப் போலாம்.”

கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பின் மாத்திரையும் ஊசியும்தான். கூடத்து நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்குவாள். ஒரு முற்பகலில், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது வாயை மூடிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்துத் தரலாம் என்று கிண்ணத்தைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது போய்விட்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து, “பாய் விரிக்கிறேன், படுக்க வைங்கண்ணே” என்றார். அவளை நேராகப் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. சிலிம் ரிவரிலிருந்து அவள் தம்பி வந்து சேரும்வரை, அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.