முதல் முடியில் ஒரு தூரிகை

கோழியிறகை வெந்நீரில் ஊறவிட்டால் ஒரு வாடை எழும். நனைந்த கோழியும் சுட்ட நகமும் கலந்தது போன்ற அந்த வாடை எங்கள் குசினியில் நாள்கணக்காக நின்றதற்குக் காரணம் என் அக்கா. யாழ்ப்பாணத்துக்குச் சாமான்கள் வராமல் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நின்ற ஊரில், படம் கீறுகிற 'பிறஸ்', அதுதான் தூரிகை, இல்லையே என்று கவலைப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

கவலைக்கு நியாயம் இருந்தது. அம்மாவின் தங்கை சின்னம்மா பிள்ளைப்பேற்றுக்காக எங்களோடு வந்திருந்தார். கொழும்பில் வேலை பார்த்த அவரது கணவர், எங்கள் சித்தப்பா, பாதை மூடியதால் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். பிறந்த மகனை அவர் காணவில்லை, கமராவுக்குப் பிலிமும் கிடைக்கவில்லை. கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறிக் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடப் பிள்ளையின் படம் ஒன்று வேண்டுமென்று சின்னம்மா அக்காவைக் கேட்டார். பென்சிலால் கீறிக் கொடுத்ததை ஏற்கவில்லை: பிள்ளையின் நிறம் தெரியவில்லையாம். அக்காவிடம் வர்ணப் பெட்டி இருந்தது. அதிலிருந்த தூரிகையோ தேய்ந்து, கூட்டுகிற தும்புக்கட்டை போலாகியிருந்தது.

அக்கா சும்மா இருக்கிற ஆளல்ல. அந்தத் தூரிகையைச் சவரப் பிளேட்டால் பிளந்து உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, இனித் தானே செய்வதென்று தொடங்கினாள். முடிக்கற்றையின் அடியை நூலால் இறுக்கிக் கட்டி, ஊறி இளகிய இறகுத் தண்டுக்குள் நுனி முன்னே வரும்படி இழுத்து, பின்பக்கத்தில் ஒரு குச்சியைச் செருகினால், தண்டு காய்ந்து சுருங்கித் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடி சரியாக வந்தது, முடிதான் சரிவரவில்லை. ஆட்டு மயிர் நனைந்ததும் துவண்டு கிடந்தது. தன் பின்னலில் வெட்டியெடுத்த முடி தண்ணீரில் விரிந்து நின்றது. கத்தரி பட்ட நுனி கூராகக் குவியாது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு அவள் கண் பிள்ளையின் தலையில் விழுந்தது.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழிக்கிற சடங்கு. அன்றுதான் பிள்ளைக்குத் தலைமயிர் வழிப்பது. வயிற்றிலிருந்தே வளர்ந்துவந்த அந்த முடிக்குக் கத்தரி படாத நுனி. தாறுமாறாக விழுந்தால் அடி எது நுனி எது என்று தெரியாமல் போகுமென்று, வழிக்க வந்தவரிடம் கெஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் பார்க்க வெற்றிலையில் வைக்கச் செய்தாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். கால்படாத இடத்தில் போடவேண்டிய முடியில் சாயம் தோய்ப்பதா என்று அம்மா சத்தம் போட்டார். சின்னம்மாதான் மொட்டைத் தலையைத் தடவியபடி அக்காவிடம் சொன்னார்: "நீ கீறு. ஆனால் மொட்டையாய்க் கீறாதை. பிறந்த முடியோடை கீறு, அவர் அதைக் காணேல்லை."

புதுத் தூரிகை தண்ணீரில் தோய்ந்ததும் ஊசியாகக் குவிந்தது. பிள்ளையின் முடியை அந்த முடியாலேயே கீறி முடித்தாள் அக்கா. படம் வள்ளமேறிப் போய்ச் சில வாரங்களில், அங்கிருந்து வந்த ஒருவர் செய்தி சொன்னார்: படம் கிடைத்ததாம், மூக்கு தன்னுடையது போலவே இருக்கிறதாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டிருக்கிறார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சின்னம்மா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

சித்தப்பா ஒருவழியாக வந்து சேர்ந்தபோது பிள்ளை ஓடித் திரிந்தான். சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய தாளில் படமே இல்லை. வள்ளத்துக்குள் அடித்த உப்புத்தண்ணீர் எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கறை மட்டும் மிச்சம். பிறகேன் மூக்கைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள் என்று சின்னம்மா கேட்டார்.

"வேறை என்னத்தைச் சொல்லிவிடுறது? நீர் வழி பாத்துக்கொண்டிருப்பீர் எண்டு தெரியும்."

அக்கா அழுதுவிட்டாள். எனக்குச் சித்தப்பாவை அன்றைக்குத்தான் மிகவும் பிடித்துப்போனது.

இன்று எங்கள் ஊர்ப்பக்கத்து நெல்லியடிக் கடைகளில் நைலோன் தூரிகைகள் இலக்கவாரியாகத் தொங்குகின்றன. அக்கா செய்தது முடி கொட்டி எப்போதோ முடிந்துவிட்டது. அந்தத் தாள் பிந்திய இடப்பெயர்வில் வீட்டுச் சாமான்களோடு போனது. சித்தப்பாவும் இப்போது இல்லை. போனவற்றைப் பற்றிக் கதை வந்தால் சின்னம்மா நகைகளுக்கு முன்னால் அந்தத் தாளைத்தான் சொல்வார். அதில் படமே இருக்கவில்லையே என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லாட்டி என்ன மோனை," என்றார். "அவர் அவ்வளவு காலமும் எடுத்தெடுத்துப் பாத்தது அதைத்தானே."